வாத்து, பிஸ்கட், பச்சைத் தவளை

விடிந்தும் விடியாத நேரம். தொலைக்காட்சியில் நிகழ்ச்சி தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. திரையில் அசையாத கோடும் கட்டமும்தான். தூர்தர்ஷன் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ணப் பட்டைகளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதே கதை. ஆனால் இது 1960களின் அமெரிக்கா. எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது மூன்று வயதுக் குழந்தை. அதன் அப்பா லாயிட் மாரிசெட் உளவியல் படித்தவர். கார்னகி அறநிதியில் கல்விக்குப் பணம் ஒதுக்கும் பொறுப்பில் இருந்தவர். தன் மகளுக்கு விளம்பரப் பாட்டுகள் மனப்பாடம் என்பதும் அவருக்குத் தெரியும்.

1966 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஜோன் கான்ஸ் கூனி என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வீட்டில் இரவு விருந்து. சாப்பாட்டுக்கு நடுவே மாரிசெட் கேட்டுவைத்தார்: இந்தப் பெட்டியை வைத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க முடியுமா? கூனி அதை ஆராயப் புறப்பட்டார். குழந்தைகள் தொலைக்காட்சியிலிருந்து எதையாவது கற்கிறார்களா என்ற கேள்விக்கான பதில், அநேகமாக எல்லா வீட்டு முற்றத்திலும் கிடந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைகள் பீர் விளம்பரப் பாட்டை வரி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நிர்மா, அவர்களுக்குப் பீர்.

நான் சொல்ல வந்தது 1995இல் சோனி வொண்டர் வெளியிட்ட ஒரு பாட்டுத் தொகுப்பைப் பற்றி. பெயர் ‘செசமி ஸ்ட்ரீட்: பிளாட்டினம் ஆல் டைம் ஃபேவரிட்ஸ்’. தொகுப்பு ஆல்பம் என்றாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. புதுச் சரக்கு இல்லாத கம்பெனி பழைய பெட்டியைத் தூசி தட்டி, மேலே புது அட்டை ஒட்டி விற்கிற வேலை அது. கேசட் கடையில் ‘காதல் கீதங்கள்’, ‘சோக கீதங்கள்’ என்று அடுக்கியிருப்பார்களே, அந்த வகை. இந்தத் தொகுப்பைத் தேடிப் போனதும் அந்த இளக்காரத்தோடுதான். ஆனால் ஒவ்வொரு பாட்டின் பூர்வீகத்தையும் கிளறக் கிளற, எல்லா வேரும் அந்தப் பீர் விளம்பரத்தில் போய் முட்டியது.

கூனியின் யோசனை எளிமையானது. விளம்பரக்காரன் சோப்பையும் பீரையும் விற்கிற அதே வித்தையால் எழுத்தையும் எண்ணையும் விற்றால் என்ன? துண்டு துண்டாய், சுருக்கமாய், திரும்பத் திரும்ப, காதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டோடு. கார்னகி, ஃபோர்டு அறநிதிகளும் அமெரிக்க அரசும் சேர்ந்து சுமார் 80 லட்சம் டாலர் கொடுத்தன. ஏழைக் குடியிருப்புகளில் வளரும், மழலையர் பள்ளிக்குப் போக வழியில்லாத பிள்ளைகளைத்தான் முதலில் மனத்தில் வைத்தார்கள். 1969 நவம்பர் 10 அன்று ‘செசமி ஸ்ட்ரீட்’, அதாவது செசமி தெரு, என்ற பெயரில் முதல் நிகழ்ச்சி. அதை வழங்கியோர் பட்டியலில் எந்தக் கம்பெனியும் இல்லை: டபிள்யூ, எஸ், ஈ என்ற எழுத்துகள், 2, 3 என்ற எண்கள். ‘இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்’ என்று கேட்டே வளர்ந்த நமக்கு இதிலுள்ள குசும்பு சட்டென்று பிடிபடும்.

இந்த வித்தைக்கு ஆள் தேடியபோது அகப்பட்டவரும் விளம்பர உலகத்து மனிதர்தான். ஜிம் ஹென்சன். 1968 கோடையில் கல்வியாளர்களை உட்காரவைத்துப் பாடத்திட்டக் கருத்தரங்குகள் நடந்தன. அவற்றில் ஒன்றில் பின்வரிசையில் தாடியும் நீள முடியும் தோல் உடையுமாக யாரோ ஒருவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். குண்டு வைக்க வந்த தீவிரவாதியோ என்று கூனிக்கு உள்ளூர உதறலாம். பக்கத்திலிருந்தவர்தான் அது ஹென்சன் என்று சொல்லித் தெளிவித்தார். அந்தத் தாடிக்காரர் அதற்கு முன்பு பத்தாண்டுக்கு மேலாகச் செய்துகொண்டிருந்த வேலை, பொம்மைகளை வைத்து காபித்தூள் விற்பது. அந்தக் காபி விளம்பரங்கள் ஒவ்வொன்றும் சில நொடிகளே ஓடும். காபி வேண்டாம் என்று சொல்லும் பொம்மையைக் காபிப் பிரியப் பொம்மை சுடும், அடிக்கும், பீரங்கியில் வைத்து வெடிக்கும். குழந்தைக் கல்விக்கு ஏற்ற ஆள் என்று யாருக்குத் தோன்றும்?

பிஸ்கட் தின்னும் நீலப் பூதம் குக்கி மான்ஸ்டருக்கும் இதே பூர்வீகம்தான். 1966இல் ஒரு தின்பண்டக் கம்பெனிக்காக ஹென்சன் வரைந்த பூதம் அது. சக்கர வடிவத் தின்பண்டத்தைத் திருடித் தின்பது அதற்கு வேலை. அந்த விளம்பரம் ஒளிபரப்பாகவே இல்லை. வேலையில்லாமல் கிடந்த பூதம் செசமி தெருவுக்குக் குடிவந்து, சி என்ற எழுத்துக்கு விளம்பரம் செய்யத் தொடங்கியது. பூதத்துக்குக் குரலும் கையும் கொடுத்தவர் ஃபிராங்க் ஆஸ். ‘சி இஸ் ஃபார் குக்கி’ பாட்டில் பாடம் மொத்தமே ஓர் எழுத்துதான். அந்த ஓர் எழுத்தைப் பூதம் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி கிளறிக்கொண்டே இருக்கும். இடையில் ஒரு செய்தி: பூதத்தின் வாயில் போனவை பெரும்பாலும் நிஜப் பிஸ்கட் இல்லை. எண்ணெய்ப் பசை பொம்மையின் ரோமத்தில் ஒட்டினால் போகாது என்பதால் அரிசிப்பொரி வட்டங்களுக்கு வர்ணம் பூசி வைத்தார்கள்.

அந்தப் பாட்டை எழுதி மெட்டமைத்தவர் ஜோ ரபோசோ. போர்ச்சுக்கீசிய வம்சாவளி, ஹார்வர்டு படிப்பு. இன்னொருவர் ஜெஃப் மாஸ். தொகுப்பில் காதில் நிற்கிற பாட்டுகளில் பெரும்பங்கு இந்த இருவர் கைவண்ணம். முதல் பருவத்தில் மட்டும் 130 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள் தீனி கேட்கும் வயிறு அது. இன்ன எழுத்துக்கு ஒன்று, இன்ன எண்ணுக்கு ஒன்று என்று சீட்டு வரும். இவர்கள் பாட்டு தரவேண்டும். டிபன் கடையில் ஆர்டர் எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எழுதியது எடுபடுகிறதா என்று பார்க்க ஆராய்ச்சியாளர் எட்வர்டு பால்மர் ஒரு வழி வைத்திருந்தார். குழந்தையைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்து, பக்கத்திலேயே சில நொடிக்கொரு தடவை படம் மாறும் ஸ்லைடு புரொஜெக்டரையும் ஓடவிடுவார். குழந்தையின் கண் எப்போது அந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். பாட்டு எத்தனை உயர்வானதாக இருந்தாலும் அந்த ஸ்லைடிடம் தோற்றால் தோற்றதுதான். நம் சபாக்களில் கேன்டீன் செய்கிற வேலையை அங்கே அது செய்தது.

இந்தச் சோதனைதான் தெருவையே மாற்றியது. நிஜ மனிதர்கள் வரும் தெருக் காட்சிகளில் பொம்மைகளைக் கலக்கக் கூடாது, குழந்தை குழம்பிப்போகும் என்று நிபுணர்கள் முதலில் சொல்லியிருந்தார்கள். 1969 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் மாதிரி நிகழ்ச்சிகளைப் போட்டுப் பார்த்தால், பொம்மை வரும்போது பிள்ளைகள் பார்த்தார்கள், தெரு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நிபுணர் பேச்சை ஓரங்கட்டிவிட்டு, ஆளுயரத்துக்கும் மேலான மஞ்சள் பறவை பிக் பேர்டையும் குப்பைத்தொட்டிக்குள் குடியிருக்கும் ஆஸ்கரையும் தெருவில் இறக்கினார்கள். குப்பையின் மேல் ஆஸ்கர் கொண்ட காதலைச் சொல்லும் ‘ஐ லவ் டிராஷ்’ அதனால் வந்தது. அதை எழுதியவர் மாஸ்.

தொடக்கப் பாட்டின் கதையும் வேடிக்கை. மெட்டு ரபோசோவுடையது, குழந்தைகளின் கோரஸ், கூடவே டூட்ஸ் தீலெமன்ஸ் வாசித்த மவுத்தார்கன். நிகழ்ச்சியை வார்த்தெடுத்த தயாரிப்பாளர் ஜான் ஸ்டோனுக்கு மெட்டு பிடித்திருந்தது, வரிகள் பிடிக்கவில்லை. அன்றைய நாகரிகப் பேச்சைப் போட்டிருக்கிறார்கள், நாளைக்கே பழசாகிவிடும் என்பது அவர் குறை. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

இனி ரப்பர் வாத்து. ‘ரப்பர் டக்கி’யை எழுதியவரும் மாஸ்தான். ஆரஞ்சு முகத்து எர்னி குளியல்தொட்டியில் உட்கார்ந்து மஞ்சள் ரப்பர் வாத்திடம் பிரியம் கொட்டுகிறான், அவ்வளவுதான் விஷயம். திரையில் சோப்பு நுரைக்கு மேலே தெரிவது எர்னியின் தலையும் இரண்டு கையும். அந்த நுரைக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். தொட்டிக்கு அடிப்பாகம் கிடையாது. ஹென்சன் கீழே இருந்து வலக்கையை எர்னியின் தலைக்குள் விட்டு வாயசைக்கிறார். இடக்கை எர்னியின் இடக்கைக்குள். எர்னியின் வலக்கை? அதற்கு அவரை ஒட்டி நெருக்கி உட்கார்ந்த இன்னொருவர் தன் கையைக் கொடுக்க வேண்டும். ஆக ஒரு பொம்மைக்கு இரண்டு உடல், மூன்று கை. இருவரும் பொம்மையைப் பார்ப்பதில்லை. கீழே தங்கள் முன் வைத்த சின்னத் திரையில் தங்கள் கையே நடிப்பதைப் பார்த்துக்கொண்டு ஆட்டுகிறார்கள். இத்தனை நெரிசலுக்குள்ளிருந்து அந்தக் குரல் எப்படி இவ்வளவு ஆனந்தமாக வெளிவருகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அழுத்தினால் வாத்து கீச்சிடுகிறது, சரியாகத் தாளத்தில். அந்தக் கீச்சு இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. நாதஸ்வரம் இல்லாத முகூர்த்தம் மாதிரி ஆகிவிடும்.

1970இல் கொலம்பியா கம்பெனி ‘தி செசமி ஸ்ட்ரீட் புக் அண்ட் ரெக்கார்ட்’ என்று இசைத்தட்டும் புத்தகமும் சேர்த்து வெளியிட்டது. அதிலிருந்து தனித்தட்டாக வந்த வாத்துப் பாட்டு, பெரியவர்கள் கேட்கும் பில்போர்டு நூறு பாட்டு வரிசையில் ஏறி 16ஆம் இடம் வரை போனது. பாடகர் பெயர்: எர்னி. அந்த ஆல்பத்துக்குச் சிறந்த குழந்தை இசைத்தட்டுக்கான கிராமி விருதும் கிடைத்தது. அதே 1970இல், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் சமமாய் வாழ்வதைக் காட்டுகிறது என்பதற்காக மிசிசிப்பி மாநிலத் தொலைக்காட்சி ஆணையம் இதே நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தது. ஊர் சிரித்ததும் சில வாரங்களில் முடிவை மாற்றிக்கொண்டது.

பச்சைத் தவளையின் பாட்டை அந்தப் பின்னணியில் வைத்துக் கேட்கவேண்டும். கெர்மிட் 1955இல் பிறந்தபோது தவளையே இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒன்று. ஹென்சன் தன் அம்மாவின் பழைய மேல்கோட்டை வெட்டித் தைத்து, பிங்பாங் பந்தை இரண்டாக்கிக் கண் வைத்தார். பொம்மை துணிதான், உள்ளே விறைப்பாக எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் கை முஷ்டியை லேசாக இறுக்கினால் போதும், தவளை முகத்தைச் சுளிக்கும். 1970இல், தவளைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று ஸ்டோன் ரபோசோவிடம் கேட்டார். வந்தது பச்சை நிறமாக இருப்பதன் கஷ்டம் பற்றிய ‘பீயின் கிரீன்’. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. அவசரமும் இல்லை, முணுமுணுப்பாக நகர்கிறது. தன் நிறத்தை நினைத்து மருகித் தொடங்கும் தவளை கடைசியில் அதோடு சமாதானமாகிறது. பீர் விளம்பரத்து இலக்கணம் எதற்கும் இது கட்டுப்படவில்லை. ஃபிராங்க் சினாட்ரா உடனே இதைப் பாடிப் பதிவு செய்தார். பிறகு ரே சார்லஸ் பாடினார். லீனா ஹார்ன் செசமி தெருவுக்கே வந்து தவளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். கறுப்பினக் கலைஞர் ஒருவர் அந்த வரிகளைப் பாடும்போது அது தவளையின் நிறத்தைப் பற்றிய பாட்டாக மட்டும் எப்படி இருக்கும்?

ரபோசோவின் ‘சிங்’ பாட்டுக்கும் வெளியூர் வாழ்க்கை வாய்த்தது. கார்ப்பென்டர்ஸ் அண்ணன் தங்கை அதை 1973இல் பாட, பாட்டு மூன்றாம் இடம் வரை ஏறியது. பாட்டுப் போட்டு எழுத்தைக் கற்பிக்கப் போனவர்கள் எழுதியவற்றில், எழுத்தே கற்பிக்காதவைதான் ஊரைச் சுற்றின என்பதைக் கல்வி நிபுணர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்களோ. குக்கி மான்ஸ்டர் மட்டும் விதிவிலக்கு. அவர் எந்த விதிக்குத்தான் அடங்கினார்?

அதன் பிறகு பாட்டுகள் சிதறின. கொலம்பியா, வார்னர், பின்னர் நிகழ்ச்சியின் சொந்த முத்திரை என்று தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. 1978இல் டிஸ்கோ காய்ச்சலும் அடித்தது: ‘செசமி ஸ்ட்ரீட் ஃபீவர்’ அட்டையில் குரோவர் பொம்மை வெள்ளைக் கோட்டுப் போட்டு, ஜான் டிரவோல்டா மாதிரி கையைத் தூக்கி நிற்கும். உள்ளே பீ ஜீஸ் ராபின் கிப் பாடியிருப்பார். 1989 பிப்ரவரியில் ரபோசோ இறந்தார், 51 வயது. மறு ஆண்டு மே 16 அன்று ஹென்சன், 53 வயதில். நியூயார்க் செயின்ட் ஜான் தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு யாரும் கறுப்பு உடுத்தி வரவேண்டாம் என்பது அவர் விருப்பம். அங்கே மஞ்சள் இறகுகளோடு பிக் பேர்ட் தனியாக நடந்து வந்து நின்று, தவளையின் பாட்டைப் பாடியது. உள்ளே இருந்தவர் கேரல் ஸ்பின்னி.

ஐந்து வருடம் கழித்து 1995இல் இந்தத் தொகுப்பு. 1970இல் தரையில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் அதற்குள் அப்பா அம்மா ஆகியிருந்தார்கள். ரெக்கார்ட் பிளேயர் பரண் ஏறி, சிடி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. தன் பிள்ளைக்கு வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு தனக்கே வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஆண்டுதோறும் 25 ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்துத் தேசியப் பதிவேட்டில் சேர்க்கிறது. பதிவு பத்து வயதாவது தாண்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2014ஆம் ஆண்டுக்கான பட்டியலில் ஜோன் பயஸ், தி டோர்ஸ், ரேடியோஹெட் ஆகியோரின் ஆல்பங்களோடு இந்தத் தொகுப்பும் இடம்பெற்றது. நூலகத்தின் ஒலி, ஒளிக் காப்பகம் இருப்பது வர்ஜீனியா மாநிலத்து கல்பெப்பரில், ஒரு குன்றைக் குடைந்து கட்டிய இடத்தில். முதலில் அது மத்திய வங்கியின் பதுங்கறை. அணுகுண்டுப் போர் மூண்டு நாடு சாம்பலானால், மிஞ்சியவர்களிடம் புழங்கவிடக் கோடிக்கணக்கான டாலரை நோட்டாக அடுக்கி வைத்திருந்த கிடங்கு. கனத்த கான்கிரீட், ஈயம் பூண்ட ஜன்னல் கதவுகள். அதைத் திறந்தது 1969 டிசம்பரில், செசமி தெரு ஒளிபரப்பாகத் தொடங்கிய அடுத்த மாதம். நோட்டுக் கட்டுகளை எப்போதோ அப்புறப்படுத்திவிட்டார்கள். நாட்டின் இசைத்தட்டுகளும் திரைப்படச் சுருள்களும் இப்போது அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. அணுகுண்டுக்கும் அசையாத அந்தச் சுவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எர்னியின் வாத்து கீச்சிடுவதுதான் கேட்கிறது.