ஸ்டீம்போட்டை வெளியேற்றிய பிள்ளைகள்: காமிக்ஸ் வாசகர்களின் ஒரு போராட்ட வரலாறு

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஒன்றின் புதிய இதழ் வந்ததும் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதிக்கொள்வதைப் பார்த்து, "படக்கதைக்கு எதற்கு இவ்வளவு கூச்சல்?" என்று நம் தோழர்களில் சிலரே சிரிப்பதுண்டு. சாதி ஒழிப்பு பேசும் நமக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்பார்கள். வேலை இருக்கிறது. யார் நாயகன், யார் எடுபிடி, யார் கண்ணுக்கே தெரியாதவர் என்பதை ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கதைகள் வழியாகவே முதலில் சொல்லித் தருகிறது. அப்படிச் சொல்லப்பட்ட கதையை ஏற்க மறுத்து, வாசகர்களே எழுந்து கேள்வி கேட்ட வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. நம் மாணவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1940களில் அமெரிக்காவில் சூப்பர்மேனையே விற்பனையில் முந்திய நாயகன் ஒருவன் இருந்தான். ஃபாசெட் நிறுவனம் வெளியிட்ட கேப்டன் மார்வெல்தான் அவன். பில்லி பேட்சன் என்ற சிறுவன் 'ஷசாம்' என்று சொன்னால் மாவீரனாக மாறிவிடுவான். இதழ்கள் லட்சக்கணக்கில் விற்றன. அந்தக் கதைகளுக்குள் 1942ல் ஸ்டீம்போட் என்ற பாத்திரம் வந்தது. பில்லியின் பணியாள். தடித்த உதடுகளும், கொச்சையான பேச்சும், எதற்கெடுத்தாலும் பயந்து நடுங்கும் சுபாவமுமாக அவனை வரைந்தார்கள். வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய பழைய மேடைக்கூத்தின் நேரடி வாரிசு அவன். இதில் கொடுமை என்னவென்றால், கறுப்பின வாசகர்களைக் கவர்வதற்காகத்தான் இந்தப் பாத்திரத்தை உருவாக்கினார்களாம்!

1945ல் நியூயார்க் பள்ளிகளில் செயல்பட்டுவந்த 'யூத்பில்டர்ஸ்' என்ற அமைப்பைச் சேர்ந்த மாணவர்கள் குழுவாக ஃபாசெட் அலுவலகத்துக்குப் போனார்கள். ஆசிரியர் வில் லீபர்சனை நேரில் சந்தித்து, ஸ்டீம்போட் ஒரு முழு இனத்தையே இழிவுபடுத்துகிறான் என்றார்கள். லீபர்சன் சொன்ன பதில் நமக்கும் பழக்கமானதுதான். நகைச்சுவைக்காக வெள்ளையர்களையும் கோமாளிகளாக வரைகிறோமே என்றார். பிள்ளைகள் விடவில்லை. வெள்ளையரில் கோமாளியும் வருகிறான், வீரனும் வருகிறான். இந்தக் கதையில் கறுப்பினத்தவர் என்று வருவது ஸ்டீம்போட் ஒருவன் மட்டும்தானே என்று திருப்பிக் கேட்டார்கள். ஒரு மாணவர் ஸ்டீம்போட்டின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். அதைத் தூக்கிக் காட்டி, இது எங்கள் இனமல்ல, ஆனால் உங்களுடைய பதினைந்து லட்சம் வாசகர்கள் இதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். ஸ்டீம்போட் கதையிலிருந்து நீக்கப்பட்டான்.

அந்த மாணவரின் வாதத்தை நாம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். 'எல்லோரையும்தானே கிண்டல் செய்கிறோம்' என்பது சமத்துவம் பேசுவதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு தரப்புக்கு நூறு முகங்களும் இன்னொரு தரப்புக்கு ஒரே ஒரு முகமும் இருக்கும் இடத்தில் கிண்டலின் எடை இருவருக்கும் ஒன்றல்ல. தமிழ் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளைப் பற்றி நாம் கேள்வி எழுப்பும்போது வரும் பதிலும் இதுவே. சமூகவியல் வகுப்பில் பக்கம் பக்கமாகப் படிக்கும் விஷயத்தைப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் வெற்றியின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டீம்போட் போன இடத்தில் ஒரு கறுப்பின நாயகன் வரவில்லை. இழிவு நீங்கியது, இடம் காலியானது, அவ்வளவுதான். அந்த இடத்தை நாமே நிரப்புவோம் என்று 1947ல் ஃபிலடெல்ஃபியாவில் ஓரின் எவன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 'ஆல் நீக்ரோ காமிக்ஸ்' என்ற இதழைக் கொண்டுவந்தார். எழுதியவர்கள், வரைந்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். அதில் 'லயன் மேன்' என்ற நாயகன் படித்த விஞ்ஞானி. இரண்டாவது இதழ் தயாரானபோது எவன்ஸுக்குக் காகிதம் விற்க யாரும் முன்வரவில்லை. இதழ் ஒன்றோடு நின்றது. ஒடுக்கப்பட்டவர் கதை சொல்லத் தொடங்கினால், பேனாவைப் பிடுங்க வேண்டியதில்லை, காகிதத்தை நிறுத்தினாலே போதும். பொருளாதாரப் புறக்கணிப்பு என்னும் ஆயுதம் நம் சேரிகளுக்குப் புதிதல்ல.

முதன்மை நிறுவனமொன்றின் காமிக்ஸில் கறுப்பின சூப்பர்ஹீரோ வர 1966 ஆனது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய 'பிளாக் பாந்தர்', அந்த ஆண்டு ஜூலை மாதத் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52ஆம் இதழில் அறிமுகமானான். வகாண்டாவின் அரசன் அவன். அதே ஆண்டு அக்டோபரில் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் கட்சி தொடங்கப்பட்டது. காமிக்ஸைப் பார்த்துத்தான் கட்சிக்குப் பெயர் வைத்தார்கள் என்று சிலர் எழுதுவது சரியல்ல. அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்டத்தில் வாக்குரிமைக்காகப் போராடிய கறுப்பின மக்கள் தங்கள் அமைப்புக்குத் தேர்ந்தெடுத்த சின்னம் கருஞ்சிறுத்தை. அங்கிருந்துதான் ஓக்லாந்துக்கு வந்தது. ஓக்லாந்திலிருந்து 1972ல் பம்பாய்க்கு, தலித் பேந்தர்ஸாக. பிறகு தமிழகத்துக்கு, சிறுத்தைகளாக. அந்தச் சின்னம் பயணித்த பாதை முழுக்கப் போராட்டம்தான். மார்வெல் நிறுவனமோ அதே 1972ல், கட்சியோடு தன்னை இணைத்துப் பார்ப்பார்களோ என்று தயங்கி, நாயகனின் பெயரைக் கொஞ்ச காலம் 'பிளாக் லெப்பர்ட்' என்று மாற்றிப் பார்த்தது.

1973ல் டான் மெக்ரெகர் என்ற இளைஞரின் கைக்கு 'ஜங்கிள் ஆக்‌ஷன்' இதழ் வந்தது. அதுவரை அதில் வந்தவை, ஆப்பிரிக்கக் காட்டில் வெள்ளை நாயகர்கள் சாகசம் செய்யும் பழைய கதைகளின் மறுபதிப்புகள். மெக்ரெகர் அதை வகாண்டாவின் கதையாக மாற்றினார். கறுப்பின ஓவியரான பில்லி கிரஹாம் வரைந்தார். அரசன், எதிரி, மருத்துவர், குழந்தை என்று அநேகமாக எல்லோருமே கறுப்பினத்தவர். வெள்ளையர்கள் எங்கே என்று அலுவலகத்திலேயே கேட்டார்கள். 1976ல் பிளாக் பாந்தர் கு கிளக்ஸ் கிளானை எதிர்கொள்ளும் கதை தொடங்கியது. அது முடிவதற்குள் 24ஆம் இதழோடு 'ஜங்கிள் ஆக்‌ஷன்' நிறுத்தப்பட்டது.

விற்பனைக் கணக்கில் அது தோல்வி. ஆனால் அதைப் படித்தவர்களில் டுவெய்ன் மெக்டஃபி என்ற பதினொரு வயதுக் கறுப்பினச் சிறுவனும் இருந்தான். ஒரு நாடு முழுக்கத் தன்னைப் போன்றவர்கள் நிறைந்திருப்பதைக் கண்டு அடைந்த வியப்பைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். 1993ல் தன் நண்பர்களோடு சேர்ந்து 'மைல்ஸ்டோன்' என்ற காமிக்ஸ் நிறுவனத்தையே தொடங்கினார். ஒரு வாசகரின் எதிர்வினை வெளிப்பட இருபது ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதற்கு இது சான்று.

எதிர்ப்பக்க ரசிகர்களையும் பார்ப்போம். 2011 ஆகஸ்டில் மைல்ஸ் மொராலஸ் ஸ்பைடர்மேன் ஆனான். தந்தை கறுப்பினத்தவர், தாய் புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. ஸ்பைடர்மேன் வெள்ளையன்தான், அரசியலைப் புகுத்தி மரபைக் கெடுக்கிறார்கள் என்றார்கள். இத்தனைக்கும் பீட்டர் பார்க்கர் இறந்தது 'அல்டிமேட்' என்ற தனிக் கதைவரிசையில் மட்டுமே. முதன்மைக் கதைவரிசையில் அவன் சுகமாக இருந்தான். ஒருவரும் எதையும் இழக்கவில்லை. ஆனாலும் இழந்துவிட்டதாக அலறினார்கள்.

இந்த அலறல் நமக்குப் புரியாததா? கோயில் நுழைவின்போதும், பொதுத்தெருவில் செருப்போடு நடக்கும்போதும், இட ஒதுக்கீட்டில் ஒரு இருக்கை கிடைக்கும்போதும் கேட்ட குரல்தானே இது! எல்லாமே தனக்கு மட்டும் என்று பழகிப்போனவருக்குப் பங்கிடுவதே பறிப்பதாகத் தெரிகிறது. 'மரபு', 'தூய்மை' என்ற சொற்கள் வரும்போதெல்லாம் யாருடைய தனியுரிமை அங்கே காக்கப்படுகிறது என்று கேட்க நாம் பழக வேண்டும். ஏழு ஆண்டுகள் கழித்து அதே மைல்ஸை நாயகனாகக் கொண்டு வந்த அனிமேஷன் படம் ஆஸ்கர் வென்றது. மரபு ஒன்றும் இடிந்து விழவில்லை.

நம் நாட்டில் 1967ல் தொடங்கிய அமர் சித்ர கதா, புராண நாயகர்களையும் அரசர்களையும் வரிசையாக வெளியிட்ட பிறகு 1979ல்தான் பாபாசாகேப் அம்பேத்கருக்கு ஓர் இதழ் ஒதுக்கியது. 2011ல் நவயானா பதிப்பகத்தின் 'பீமாயணா' வந்தது. பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் அதை வரைந்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் நம் பிள்ளைகள் கைக்கு எட்டும் விலையில், நம் தமிழில், நம் நாயகர்கள் இன்னும் எத்தனை பேர் வர வேண்டியிருக்கிறது!

ஹார்லெமிலும் பிராங்க்ஸிலும் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. உங்கள் விடுதியில், படிப்பு வட்டத்தில், இரவுப் பள்ளியில் உள்ள சிறுவர் இதழ்களை எடுத்து உட்காருங்கள். யார் பேசுகிறார், யார் சுமக்கிறார் என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணியதை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஆசிரியருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நேரில் போங்கள். படத்தைப் பெரிதாக்கி எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.

ஜெய்பீம்.