கைக்குத்தல் அரிசியும் சீமைத் தினையும்: புதுவைக் கடலோரத்தின் தானிய வரலாறு

தவிடு நீக்காத அரிசிக்கு மாற்றாக அண்மைக் காலத்தில் பரிந்துரைக்கப்படும் தானியங்களுள் கீன்வா ஒன்று. தமிழில் இது சீமைத் தினை எனவும் வழங்கப்படுகிறது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி இதன் தாயகம். நீரிழிவு நோயாளர்களும் உடல் எடையைக் குறைக்க விரும்புவோரும் இதை நாடுகின்றனர். தீட்டிய வெள்ளரிசியால் உடல்நலம் கெடுகிறதா என்ற கேள்வி தமிழருக்குப் புதியதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மலாயாவிலும் குன்னூரிலும் அது ஆராயப்பட்டது. புதுச்சேரியின் கடலோர ஊரான வீராம்பட்டினத்தையும் அதைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர் பகுதிகளையும் முன்வைத்து அந்த வரலாற்றைக் காணலாம்.

ஊரும் உணவும்

வீராம்பட்டினம் அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த மீனவ ஊர். இதை ஒட்டி ஆற்றங்கரையில் அரிக்கமேடு அமைந்துள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு நடத்திய அகழாய்வு, கிறித்துவ ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் இவ்விடம் ரோமானிய வணிகத்தோடு தொடர்பு கொண்டிருந்ததை உறுதி செய்தது. இங்குக் கிடைத்த ஆம்போரா சாடிகள் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீன் ஊறல் போன்றவற்றைக் கொண்டுவந்தவை. தொலைநாட்டு உணவுப் பொருள் இக்கரைக்கு வருவது இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

கடலோர ஊர்களின் சோறு உள்நாட்டு வயல்களிலிருந்து வந்தது. நெய்தல் நில மக்கள் மீனையும் உப்பையும் கொடுத்து நெல் பெற்றதைச் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. தெற்கே உள்ள பாகூர் பெரிய ஏரியால் பாசனம் பெற்று, புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடுகள், அங்கிருந்த கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன.

ஏரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களில் கேழ்வரகு, கம்பு, வரகு, சாமை ஆகியவை விளைந்தன. உழைக்கும் மக்களின் அன்றாட உணவு பெரும்பாலும் கூழும் களியுமே. நெல்லுச்சோறு வசதியின் அடையாளமாக இருந்தது. பிற்காலத்தில் வெள்ளரிசி மீது ஏற்பட்ட பெருவிருப்பத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

உலக்கையிலிருந்து ஆலைக்கு

நெல்லின் வெளியுறை உமி. அதை மட்டும் நீக்கினால் கிடைப்பது பழுப்பு நிற அரிசி. அதன் மேல் படிந்த மெல்லிய அடுக்கே தவிடு. நார்ச்சத்து, பி வகை உயிர்ச்சத்துகள், எண்ணெய், தாது உப்புகள் ஆகியவற்றில் பெரும்பங்கு தவிட்டிலும் முளைப்பகுதியிலும் உள்ளது. உரலில் இட்டு உலக்கையால் குத்தி முறத்தில் புடைக்கும்போது தவிட்டின் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடும். இதுவே கைக்குத்தல் அரிசி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பர்மாவிலும் சயாமிலும் பரவின. இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்துச் சிற்றூர்களையும் எட்டின. ஆலை தவிட்டை முழுவதுமாகத் தீட்டி எடுத்தது. தவிட்டில் உள்ள எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். தவிடு நீங்கிய அரிசியோ நெடுநாள் கெடாது. எனவே வணிகருக்கு வெள்ளரிசியே ஏற்றதாயிற்று. நாள்தோறும் நெல் குத்திய பெண்களுக்கு ஆலை பெரிய விடுதலையாக அமைந்தது. கைக்குத்தல் அரிசியின் நன்மையைப் பேசும்போது அந்த உழைப்பு யாருடையது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்

ஆலை அரிசி பரவிய இடங்களில் பெரிபெரி நோய் பெருகியது. கால்கள் மரத்து, வீங்கி, இதயம் செயலிழந்து பலர் இறந்தனர். 1890களில் சாவகத்தில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசி மட்டும் உண்ட கோழிகளுக்கு இதையொத்த நோய் வருவதையும் தவிடு கொடுத்தால் குணமாவதையும் கண்டார். இதற்காக 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மலாயாவில் கிடைத்த சான்று தமிழரோடு நேரடித் தொடர்புடையது. அங்குச் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி கொடுமையாக இருந்தது. அதே நாட்டில் உழைத்த தமிழர்களிடையே அது மிக அரிது. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி என்பதை மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டினார். அதற்கு முன்பே கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் இதைச் சோதித்திருந்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் இருந்தது. அவர்களும் காப்பகத்துக்கு வரும்போதே நோயுற்றிருந்தவர்கள். தீட்டும்போது நீங்கும் பொருளே காரணம் என்பதை ஃபிரேசர், ஸ்டான்டன் ஆகியோரின் ஆய்வு 1909இல் தெளிவாக்கியது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின், அதாவது பி1 உயிர்ச்சத்து, அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு எஞ்சுகிறது. நெல் அவித்துக் களத்தில் காயவைக்கும் வழக்கம் நோயைத் தடுக்கத் தோன்றியதன்று. குத்தும்போது அரிசி நொய்யாகாமல் இருக்கவும் கெடாமல் இருக்கவும் வந்தது. ஆயினும் அது பல தலைமுறைகளைக் காத்தது. சென்னை மாகாணத்திலேயே, தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. தயமினை 1936இல் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்ததும் அம்மாகாணத்தின் நெல்லூரில்தான்.

குன்னூர் ஆய்வுகளும் கைக்குத்தல் இயக்கமும்

1918இல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அது பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியே பெரும்பகுதியாக இருந்த சென்னை உணவை உண்டவை மெலிந்தன. அரிசியின் தீட்டல் மட்டுமன்றி, அதனுடன் சேரும் பருப்பு, கீரை, பால் ஆகியவற்றின் குறைவும் குற்றவாளி என்பது இதன் பொருள்.

1934இல் காந்தி வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசியைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அதன் செயலாளராக இருந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஆலை ஊட்டத்தையும் ஊரின் வேலைவாய்ப்பையும் ஒருசேரப் பறிக்கிறது என்பது அவர் வாதம். 1958ஆம் ஆண்டின் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கைக்குத்தலைக் காக்கும் நோக்கமும் இருந்தது. எனினும் ஆலைகளின் பெருக்கம் நிற்கவில்லை.

சிறுதானியங்களின் பின்னடைவு

1960களின் நடுவில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 ஆகிய நெல் வகைகள் வந்தன. 1986இல் வெளியான வெள்ளைப் பொன்னி தமிழ் வீடுகளின் விருப்ப அரிசியாயிற்று. நியாயவிலைக் கடைகள் அரிசியை மலிவாகவும் பின்னர் இலவசமாகவும் வழங்கின. இது பசியைப் போக்கிய பெரும் மாற்றம். கூழ் குடித்து வளர்ந்தவர்கள் மூன்று வேளையும் சோறு உண்ண முடிந்தது. சிறுதானியங்கள் வறுமையின் நினைவாகக் கருதப்பட்டு விலகின.

சடங்குகளில் மட்டும் அவை நிலைத்தன. ஆடி மாதத்தில் வட தமிழகத்திலும் புதுவையிலும் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கப்படுகிறது. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர்த்திருவிழாவும் ஆடி மாதத்திலேயே நடைபெறுகிறது. பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த அத்தேரை இன்று துணைநிலை ஆளுநர் தொடங்கிவைக்கிறார்.

நீரிழிவும் தவிட்டரிசியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் நீரிழிவின் அளவு 11.4 விழுக்காடு, புதுச்சேரியிலோ 26.3 விழுக்காடு. கோவாவுக்கு அடுத்து இதுவே மிக உயர்ந்தது. பெரிபெரியைத் தடுத்த புழுங்கல் அரிசி இந்நோயைத் தடுக்கவில்லை. அவித்தல் உயிர்ச்சத்தைக் காக்கும். தீட்டலில் போன நார்ச்சத்தை மீட்காது. உடலுழைப்பு குறைந்துவிட்ட காலத்தில், தட்டில் குவியும் சோற்றின் அளவும் குறையவில்லை.

அதே சென்னை நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளரிசிக்குப் பதில் தவிடு நீக்காத அரிசி உண்டபோது நாள் முழுதும் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. பயறு சேர்ந்தபோது சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் தவிட்டரிசி வேக நேரமாகும், மென்று உண்ண வேண்டும், விலையும் அதிகம். பழகிய நாவுக்கு அது எளிதில் பிடிப்பதில்லை. மாற்றுத் தானியங்களைத் தேடும் ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கீன்வாவின் வருகை

கீன்வா புல் இனத்தைச் சேர்ந்ததன்று. தமிழர் சமைத்துண்ணும் சக்கரவர்த்திக் கீரையின் பேரினத்தைச் சேர்ந்த செடியின் விதை அது. டிடிகாகா ஏரிப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதை விளைவித்தனர். ஸ்பானியர் ஆட்சியில் அது தாழ்ந்தோர் உணவாக ஒதுக்கப்பட்டது. பொலிவியாவின் முன்மொழிவால் ஐக்கிய நாடுகள் அவை 2013ஐப் பன்னாட்டுக் கீன்வா ஆண்டாக அறிவித்தது. உலகத் தேவை கூடியபோது விலை பன்மடங்கு உயர்ந்து, பிற நாடுகளும் பயிரிடத் தொடங்கியதும் சரிந்தது. ஆண்டிஸ் உழவர்கள் அந்த ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் சுமந்தனர்.

100 கிராம் உலர்ந்த கீன்வாவில் சுமார் 14 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. தவிட்டரிசியில் இவை ஏறத்தாழ அதில் பாதி. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலமும் கீன்வாவில் மிகுதி. எனினும் அதிலும் மாவுச்சத்து 64 கிராம் அளவுக்கு உண்டு; எனவே அளவின்றி உண்ணத் தக்கதன்று. விதையின் மேலுள்ள சப்போனின் கசப்புடையது. நன்கு கழுவிய பின்னரே சமைக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். தமிழ் வீடுகளில் இது பெரும்பாலும் உப்புமா, பொங்கல், கிச்சடி என்ற வடிவங்களில் இடம்பெறுகிறது. குழம்பு ஊற்றிப் பிசையும் சோறாக அது அமைவதில்லை.

உள்ளூர்த் தானியங்களுடன் ஒப்பிடும்போது கீன்வாவின் மேன்மை சுருங்குகிறது. தினையில் 12 கிராம், கம்பில் 11 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. கீன்வாவில் அது 50 மில்லிகிராமுக்கும் குறைவு. இந்தியாவின் முன்மொழிவால் 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

மல்லாட்டை காட்டும் வழி

வெளிநாட்டுப் பயிர் என்பதற்காகவே ஒன்றை ஒதுக்கும் மரபு இப்பகுதிக்கு இல்லை. வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. மணிலாக்கொட்டை என்ற பெயரே மல்லாட்டையாகத் திரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது புதுச்சேரியிலிருந்து பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு ஏற்றுமதியாகும் அளவுக்கு விளைந்தது. இந்த மண்ணில் விளைந்ததாலும் ஏழைக்கும் வாங்க இயன்றதாலும் அது உள்ளூர் உணவாயிற்று. கீன்வா இன்னும் அந்நிலையை எட்டவில்லை. இந்தியாவின் சில வறண்ட பகுதிகளில் பயிரிட்டுப் பார்க்கப்பட்டாலும், அரிசியைவிடப் பன்மடங்கு விலையில் நகரக் கடைகளிலேயே பெரிதும் விற்கப்படுகிறது.

தவிட்டை நீக்கிய அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்துச் செறிவூட்டி வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 2021இல் அறிவித்தது. அந்த அரிசியிலும் தவிட்டின் நார்ச்சத்து இல்லை. நால்வரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உள்ள புதுச்சேரியில், குறைவாகத் தீட்டிய அரிசியையும் கேழ்வரகையும் மலிவு விலையில் கிடைக்கச் செய்வது, கீன்வாவை வாங்க இயலாத பெரும்பான்மையோருக்குப் பயன் தரும் வழியாகும்.