எல்லையில் நின்ற வார இதழ்

பெங்களூரிலிருந்து ஓசூர் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். 1950 மார்ச்சில் ஒருவர் பம்பாயில் அச்சான ஓர் ஆங்கில வார இதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தச் சாலையில் வந்திருந்தால், மைசூர் ராஜ்யத்தின் கடைசி ஊர்வரை அது வெறும் பத்திரிகைதான். ஓசூர் மண்ணில் கால் வைத்ததும் அது தடை செய்யப்பட்ட பொருளாகிவிடும். ஒரே தாள், ஒரே மை, ஒரே எழுத்து. மாறியது எல்லை மட்டும்.

அந்த இதழின் பெயர் ‘கிராஸ் ரோட்ஸ்’. தொடங்கி அதிக நாளாகவில்லை. அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் மூவரும் ஒருவரே: ரொமேஷ் தாப்பர். வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பரின் அண்ணன். பின்னாளில் ‘செமினார்’ இதழைத் தொடங்கியவர். இடதுசாரிப் பார்வை கொண்ட பத்திரிகை என்பதால் அன்றைய சென்னை அரசின் கண்ணில் அது உறுத்தியதில் வியப்பில்லை. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னை ராஜ்யத்துச் சிறைகளில் கம்யூனிஸ்டுகள் நிறைந்திருந்தார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் இறந்தார்கள். குடியரசு பிறந்து அப்போது பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பதினாறு நாளைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு நடந்ததைப் படிக்க வேண்டும்.

மார்ச் 1ஆம் தேதி அரசாணை வந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியாகும் நாள்முதல் அந்த இதழ் ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாது, சுற்றுக்கு வரக் கூடாது, விற்கக் கூடாது, விநியோகிக்கக் கூடாது. எந்தக் கட்டுரை தவறு, எந்த வரி ஆபத்து என்று ஆணை சொல்லவில்லை. பொதுப் பாதுகாப்புக்கும் பொது ஒழுங்குக்கும் இது தேவை என்று ஆளுநர் ‘திருப்தி’ அடைந்திருக்கிறார், அவ்வளவே காரணம். அன்றைய சென்னை ராஜ்யம் இன்றைய தமிழ்நாடு அல்ல. ஆந்திரக் கடலோரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். இத்தனை நிலப்பரப்பின் வாசகர்களுக்கும் சேர்த்து ஒரு மனிதரின் திருப்தி போதும் என்றது 1949இல் இயற்றிய சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம். அதன் 9(1-ஏ) பிரிவு கொடுத்த அதிகாரம் அது.

ஓசூருக்கு வர முடியாத இதழ் டெல்லிக்குப் போனது. 1950ஆம் ஆண்டின் 16ஆம் எண் மனுவாகப் போனது. உச்ச நீதிமன்றத்துக்கு அப்போது சொந்தக் கட்டடம்கூட இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்தில், சமஸ்தான மன்னர்கள் கூடிய மண்டபத்தில் அமர்ந்திருந்தது. தாப்பருக்காக வாதாடியவர் சி. ஆர். பட்டாபிராமன். சென்னை அரசின் தலைமை வழக்கறிஞர் எடுத்த எடுப்பில் ஒரு தடை சொன்னார்: உயர் நீதிமன்றத்துக்கு முதலில் போகாமல் நேரே இங்கே வரலாமா? வரலாம் என்றது நீதிமன்றம். அடிப்படை உரிமைகளின் காவலர் என்று அரசியலமைப்பே தன்னை நியமித்திருக்கும்போது, வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று 32ஆம் பிரிவைக் காட்டியது. இன்றுவரை எளியவர் ஒருவர் நேராக உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டும்போது, அந்த முதல் நாள் பதிலின்மேல்தான் நிற்கிறார்.

மே 26 அன்று தீர்ப்பு. ஆறு நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கம். எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னை மண்ணிலிருந்து போனவர். பேச்சுச் சுதந்திரம் என்றால் கருத்தைப் பரப்பும் சுதந்திரமும்தான். பரப்புவதற்கு இதழ் கைக்குக் கை போக வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தாப்பரின் வாயை யாரும் பொத்தவில்லை. பம்பாயில் அவர் தாராளமாக எழுதலாம், அச்சடிக்கலாம். சேலத்திலோ மதுரையிலோ இருக்கும் ஒருவர் அதைப் படிக்க முடியாது, அவ்வளவுதான். பேசுகிறவன் உரிமை கேட்கிறவன் காதுவரை நீளும் என்று அன்று ஒப்புக்கொள்ளாமல் போயிருந்தால், எல்லாரையும் பேச விட்டுவிட்டுச் சாலைகளை மட்டும் அடைத்துவைக்க எந்த அரசுக்கும் வழி கிடைத்திருக்கும்.

அடுத்து ‘பொதுப் பாதுகாப்பு’ என்ற சொல்லை அவர் பிரித்துப் பார்த்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பொதுப் பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ் வண்டியைத் தறிகெட்டு ஓட்டுவதும் வந்தது. அரசியலமைப்பின் 19(2) அப்போது பாதுகாப்பின் பெயரில் அனுமதித்ததோ, அரசின் பாதுகாப்பையே குலைக்கும், அல்லது அரசைக் கவிழ்க்கும் பேச்சைத் தடுக்க மட்டும். வரைவில் இருந்த ‘ராஜத் துரோகம்’ என்ற சொல்லை அரசியல் நிர்ணய சபை எடுத்துவிட்டதையும் அவர் நினைவூட்டினார். சின்னச் சலசலப்புக்கும் பெரிய ஆபத்துக்கும் ஒரே வலையை வீசும் சட்டம் செல்லாது என்று பிரிவையே ரத்து செய்தார்கள். இதழில் என்ன எழுதியிருந்தது என்ற ஆராய்ச்சியே தீர்ப்பில் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை.

மாறுபட்டவர் ஃபசல் அலி ஒருவர்தான். அதே ஃபசல் அலி, சரியாக ஒரு வாரம் முன்பு, மே 19 அன்று, ஏ. கே. கோபாலன் வழக்கில் தனி மனித சுதந்திரத்தின் பக்கம் நின்றவர். கம்யூனிஸ்ட் தலைவரான கோபாலனும் சென்னை அரசின் கைதி. அவர் மனுவின் எண் 13. விசாரணையின்றி அடைத்துவைக்கும் சட்டத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள், பதஞ்சலி சாஸ்திரி உட்பட, பெரிதும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் மனிதர் தோற்றார், தாள் வென்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

வெற்றியும் நீடிக்கவில்லை. 1951 ஜூன் 18 அன்று முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பொதுத் தேர்தலே நடக்காத காலம். தற்காலிக நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது. 19(2)க்குள் ‘பொது ஒழுங்கு’ நுழைந்தது, அதுவும் தொடக்க நாளிலிருந்தே இருந்ததாகப் பின்தேதியிட்டு. எந்தச் சொல் போதாது என்று நீதிமன்றம் தள்ளியதோ அதையே மூலத்தில் எழுதிவிட்டார்கள். இதே திருத்தம்தான் சென்னையின் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணை வீழ்ந்தபின் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து 15(4)ஐயும் தந்தது. கல்வியில் இடம் மறுக்கப்பட்ட கோடிக்கணக்கானோருக்கு அது திறந்த கதவு. அதை ஒரு சொல்லும் குறைத்துப் பேச மாட்டேன். ஒரே மடிப்பில் நல்லதும் கெட்டதும் சேர்ந்து வந்தன. எதிர்த்தவர்களின் வற்புறுத்தலால் ‘நியாயமான’ என்ற ஒரு சொல்லும் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த வழக்குகளெல்லாம் மூச்சுவிட்டது அந்தச் சொல்லுக்குள்தான்.

அதை வைத்துத்தான் 1960இல் ராம் மனோகர் லோகியா வழக்கில், பேச்சுக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்படத்தைத் திரையிட்டால் கலவரம் வரும் என்று நம் மாநிலத்தில் சொன்னபோது, கலவரக்காரரை அடக்குவது அரசின் கடமை, படத்தை அடக்குவதல்ல என்ற நிலையை எடுத்தது.

2015இல் அந்தப் பழைய இதழின் பெயர் மீண்டும் கேட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பம்பாயை அடுத்த பால்கரில், ஒரு தலைவர் மறைவுக்காக நகரம் கடையடைத்ததைக் கேள்வி கேட்டு முகநூலில் ஒருவர் எழுதியதற்காகவும் மற்றவர் அதற்கு விருப்பக்குறி இட்டதற்காகவும் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அந்தக் கைதையொட்டி எழுந்த வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் செல்லாததாக்கிய ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, ரொமேஷ் தாப்பர் வழக்கைத் துணைக்கு அழைத்தது.

ஆனால் காவல் நிலையங்கள் 66ஏயின்கீழ் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பின் பிரதிகளை உயர் நீதிமன்றங்கள் வழியாக மாவட்ட நீதிமன்றங்களுக்கும், தலைமைச் செயலாளர்கள் வழியாகக் காவல்துறைக்கும் அனுப்பச் சொன்னது. அப்போதும் போய்ச் சேரவில்லை. 2022 அக்டோபரில், இந்தப் பிரிவின்கீழ் இனி யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று இன்னொரு முறை எழுதி அனுப்பினார்கள்.