மாளிகை இழந்த மணமகள்

ஆங்கிலப் புதினங்களிலே ஒரு தனிவகை உண்டு. 'ரீஜென்சி' காதற்கதை என்பர். கடனில் மூழ்கிய பிரபு ஒருவன். கையில் பணமும் நெஞ்சில் துணிவும் உள்ள நங்கை ஒருத்தி. இருவருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை. "பெயரும் பட்டமும் நான் தருகிறேன், பணத்தை நீ தா" என்பது பேச்சு. காதல் என்ற சொல்லே அதில் இராது. ஆனால் முந்நூறாவது பக்கம் புரளும்போது பேரம் காதலாகக் கனிந்திருக்கும்! ஜார்ஜெட் ஹேயர் என்ற எழுத்தாளர் 1935-ல் 'ரீஜென்சி பக்' எழுதி இவ்வகைக்குப் பெருவழி போட்டார். 1961-ல் அவர் எழுதிய 'எ சிவில் காண்ட்ராக்ட்', பணத்துக்காக நடக்கும் ஒரு மணத்தையே பொருளாகக் கொண்டது. கல்லூரி நாட்களில் நாமும் இவற்றைப் படித்தோம்; படித்துச் சுவைத்தோம்; மறைப்பானேன்? ஆனால் வரலாற்றைப் பிறருக்குப் பாடமாகச் சொல்லப் புகுந்தபின் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. கதையில் நங்கை பந்தயம் கட்டுகிறாள், வெல்கிறாள். தோற்றிருந்தால்? தோற்றவளுக்கு என்ன மிஞ்சும்?

ஏட்டில் விடை இருக்கிறது. அதைச் சொல்லுமுன் அந்தக் காலத்தைச் சற்றுக் காண்போம்.

மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனநலம் சிதைந்தது. மூத்த மகன் 1811 பிப்ரவரி 5-ஆம் நாள் தந்தையின் பதிலாளியாக ஆட்சிப் பொறுப்பேற்றான். 1820 ஜனவரியில் தந்தை மறையும்வரை நீடித்த அந்த ஒன்பதாண்டுக்குப் பெயர்தான் 'ரீஜென்சி'. ஐரோப்பா போர்க்களத்தில் குருதி சிந்திக்கொண்டிருந்தது. இலண்டன் நடனக்கூடங்களிலோ மெழுகுதிரி ஆயிரமாயிரமாக எரிந்தது. அந்தக் கூடங்களை மக்கள் 'மணச்சந்தை' என்றே அழைத்தனர். சந்தை என்றால் சந்தைதான். யாருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது மேளம் கொட்டாத குறையாக எல்லோருக்கும் தெரியும்.

குடிகளை ஏன் குறை கூற வேண்டும்? கோமகனே அந்த வழியில் வந்தவன்தானே! அவன் கடன் ஆறு லட்சம் பவுனைத் தாண்டியது. மணம் புரிந்தால் பாராளுமன்றம் கடனைத் தீர்க்க வழி செய்யும் என்ற நிலையில், 1795-ல் பிரன்ஸ்விக் நாட்டுக் கரோலினை, முன்பின் பாராமல், மணந்தான். பத்தாண்டுக்கு முன்பே மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கைம்பெண்ணை மறைவில் மணந்தவன் அவன். அரசன் இசைவின்றி நடந்ததால் 1772-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மணம் செல்லாது. ஒரு பெண்ணைச் சட்டம் மனைவியல்ல என்றது. மற்றொரு பெண்ணைச் சட்டம் மனைவி என்றது. இருவரும் வாழ்ந்தாரில்லை. 1821 ஜூலையில் அவன் முடிசூடிய நாளன்று, வெஸ்ட்மின்ஸ்டர் கோவில் வாயிலில் கரோலின் உள்ளே விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டாள். மூன்று வாரத்தில் மறைந்தாள். அரசியின் கதியே இது.

இனிச் சட்டம். 1765-ல் வெளிவரத் தொடங்கிய தமது நூலில் பிளாக்ஸ்டன் என்ற சட்ட அறிஞர் விளக்கினார்: மணம் முடிந்ததும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். ஒரே ஆள் என்றால் எந்த ஆள் என்று கேட்க வேண்டியதில்லை! மனைவியின் பணமும் நகையும் கணவனுக்கு. நிலத்தின் வருவாய் கணவனுக்கு. அவள் உழைத்துப் பெற்ற கூலியும் கணவனுக்கு. தன் பெயரில் வழக்காட அவளுக்கு உரிமையில்லை. அவன் இசைவின்றி உயில் எழுத முடியாது. பெற்ற பிள்ளைகளும் தந்தைக்கே உரியர். இந்த நிலைக்கு ஆங்கிலச் சட்டம் இட்ட பெயரின் பொருள் 'போர்வைக்குள் இருப்பவள்' என்பது. கணவன் எனும் பாதுகாப்புப் போர்வையாம்!

பிரிந்து போகலாமே என்பீர். 1857-க்கு முன் முழு மணவிலக்குப் பெறப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். ஒன்றரை நூற்றாண்டில் முந்நூறுக்குச் சற்று மேற்பட்டோர் அவ்வாறு பெற்றனர். அவர்களில் பெண்கள் நால்வர்.

செல்வர் வீட்டார் ஒரு தற்காப்பை வைத்திருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மணத்துக்கு முன்பே வழக்கறிஞரை அழைத்து உடன்படிக்கை எழுதுவர். பெண்ணின் கைச்செலவுக்கு இவ்வளவு, கணவன் இறந்தால் ஆண்டுதோறும் இவ்வளவு, நிலம் பிறக்கப்போகும் மகனுக்கு என்று எழுதிப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைப்பர். வேலி உண்டு, ஆனால் அது பெரும்பாலும் நிலத்தைக் காக்கும் வேலி, பெண்ணைக் காக்கும் வேலியன்று. நாம் சொல்ல வந்த கதை அதைக் காட்டும்.

அவள் பெயர் காதரின் டில்னி-லாங். 1789-ல் பிறந்தாள். தந்தை 1794-ல் மறைந்தார். சிறுவனான தம்பி 1805-ல் மறைந்தான். எசெக்ஸ், ஹாம்ப்ஷயர், வில்ட்ஷயர் எனப் பரந்த நிலங்களும், இலண்டனை அடுத்த வான்ஸ்டெட் மாளிகையும் அவள் கைக்கு வந்தன. காலன் காம்ப்பெல் என்ற கட்டடக் கலைஞர் வடித்த அந்த மாளிகை இங்கிலாந்தின் பேரழகு வாய்ந்த வீடுகளுள் ஒன்று. ஆண்டு வருமானம் 40,000 பவுன் என்று ஊர் பேசியது. ஊர் பேசுவதில் கொஞ்சம் மிகை இருக்கும். ஆயினும் முடிசூடாக் குடும்பத்தில் அவளுக்கு நிகரான செல்வி இல்லை என்று கருதப்பட்டாள்.

அதே நாளில் ஜேன் ஆஸ்டின் என்ற பாதிரியார் மகள், 'பிரைட் அண்டு பிரெஜுடிஸ்' புதினத்தின் உரிமை முழுவதையும் 110 பவுனுக்கு விற்றாள் என்பதை அருகே வைத்துப் பாருங்கள். அவளுக்கும் ஒரு பேரம் வந்ததுண்டு. 1802 டிசம்பரில் பெருநிலக்கிழார் மகன் ஒருவன் மணம் பேசினான். சரி என்றாள் மாலையில். முடியாது என்றாள் காலையில். அந்த ஓர் இரவில் அவள் என்ன கணக்குப் போட்டாள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. வீடும் வருவாயும் இல்லாதவள் வேண்டாம் என்றாள். எல்லாம் உடையவள் ஆம் என்றாள். வரலாறு இப்படியும் விளையாடும்.

காதரினை நாடி வந்தோர் பலர். அவர்களுள் ஒருவர் கிளாரன்ஸ் கோமகன், அரசனின் மூன்றாம் மகன், பிற்காலத்தில் நான்காம் வில்லியம் எனும் பெயரில் அரசாண்டவர். வயது நாற்பத்தாறு. டாரதி ஜோர்டன் என்ற நடிகையுடன் இருபதாண்டு வாழ்ந்து பத்து மக்களைப் பெற்றவர். 1811-ல் அவளை விலக்கிவிட்டுக் காதரினிடம் மணம் பேசினார். மேடையில் நடித்து ஈட்டிய பணத்தால் கோமகனின் வீட்டுச் செலவையும் தாங்கிய டாரதி, சில ஆண்டில் பிரான்சில், ஆதரவற்று மறைந்தாள். கேலிச்சித்திரக்காரர்கள் கோமகனைக் கிழித்தார்கள். காதரினும் மறுத்தாள். அறிவுள்ள மறுப்பு.

மறுத்தவள் தேர்ந்தெடுத்தது யாரை? வில்லியம் வெல்லெஸ்லி-போல் என்ற இருபத்து மூன்று வயது இளைஞனை. வெல்லெஸ்லி என்றவுடன் நம் மாணவர்க்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். 1798 முதல் 1805 வரை இந்நாட்டில் கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் வெல்லெஸ்லி இவனுடைய பெரிய தந்தை. சீரங்கப்பட்டணத்தில் போரிட்டு, பின்னர் வெலிங்டன் கோமகனாக உயர்ந்த ஆர்தர் இவனுடைய சிற்றப்பன். துணைப்படைத் திட்டத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்தக் குடும்பத் தொடர்பு நமக்கு உறுத்தும். "உனக்குப் பாதுகாப்பு நான் தருகிறேன், உன் படையும் வருவாயும் வெளியுறவும் என் பொறுப்பு" என்று ஐதராபாத்திலும் பிற இடங்களிலும் உடன்படிக்கை எழுதினார் பெரியவர். 1799-ல் தஞ்சை போயிற்று. 1801-ல் ஆர்க்காடு போயிற்று. மன்னர்க்கு மிஞ்சியது பட்டமும் படித்தொகையும். பாதுகாப்பு எனும் போர்வை போர்த்தப்பட்ட மன்னரும், அதே பெயரில் போர்வை போர்த்தப்பட்ட மனைவியும் ஏறத்தாழ ஒரே நிலையினர் என்று நாம் சொன்னால் மிகையாகுமா?

காதரினை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கே பெற்றோர் இசைவு வேண்டும் என்றது. அவளுக்கு வயது இருபத்திரண்டு. மனம் விரும்பியே அவனை ஏற்றாள். 1812 மார்ச் 14-ஆம் நாள் இலண்டன் பிக்காடிலியிலுள்ள கோவிலில் மணம் நடந்தது. மணமகன் மோதிரத்தையே மறந்து வந்தான் என்றும், அவசரமாக ஆள் அனுப்பி வாங்கி வரச் செய்தார்கள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அவன் தன் பெயரோடு அவள் குலப்பெயர்களையும் சேர்த்து, வில்லியம் போல்-டில்னி-லாங்-வெல்லெஸ்லி ஆனான். பெயர் நீண்டது, செல்வம் குறுகத் தொடங்கியது.

விருந்து, வேட்டை, குதிரை, சூது, தேர்தல்! 1818-ல் வில்ட்ஷயர் தொகுதியில் நின்று பெருஞ்செலவில் வென்றான். பாராளுமன்ற உறுப்பினனைக் கடனுக்காகச் சிறையிட முடியாது என்ற சலுகை அன்று இருந்தது. கடன்காரனுக்கு அந்த இருக்கை ஒரு கோட்டை. 1820-ல் கோட்டை போயிற்று. 1822-ல் கடன்காரர்க்கு அஞ்சி ஐரோப்பாவுக்கு ஓடினான்.

உடன்படிக்கை என்ன செய்தது? நிலத்தில் அவனுக்கு ஆயுட்கால அனுபவ பாத்தியம் மட்டுமே, விற்க முடியாது. வேலி நிலத்தைக் காத்தது. ஆனால் வீட்டுக்குள் இருந்த பொருள்? 1822 ஜூனில் வான்ஸ்டெட் மாளிகையின் சித்திரங்கள், சிலைகள், கட்டில்கள், கம்பளங்கள் யாவும் ஏலத்துக்கு வந்தன. ஏலம் 32 நாள் நடந்தது. பெண்ணின் பாட்டனும் பூட்டனும் சேர்த்ததை ஊரார் விலை கூறி எடுத்துச் சென்றனர். பிறகு வீடு. நிலத்தை விற்க முடியாதாயினும் அதன்மேல் நின்ற கட்டடத்தைப் பிரித்துக் கல்லாகவும் மரமாகவும் விற்கத் தடை இல்லையாம்! சுமார் 10,000 பவுனுக்கு மாளிகை விலைபோயிற்று. தூண் தூணாக இடித்தார்கள். மணமாகிச் சில ஆண்டுகளிலேயே மணமகளின் வீடு கல்லும் மண்ணுமாயிற்று.

இதற்கிடையே அவன், படைத்தலைவர் ஒருவரின் மனைவியான ஹெலனா பிளையுடன் நேப்பிள்ஸ் நகரில் உறவு கொண்டான். காதரின் மூன்று குழந்தைகளுடன் இங்கிலாந்து திரும்பினாள். 1825 செப்டம்பர் 12-ஆம் நாள் மறைந்தாள். வயது முப்பத்தைந்து. சாகுமுன் பிள்ளைகளைத் தன் தங்கையரிடம் ஒப்படைத்தாள்.

ஒப்படைக்க அவளுக்குச் சட்டத்தில் உரிமை ஏது? தந்தை உயிரோடிருக்கிறான், பிள்ளைகள் அவனுடையவர்கள். கேட்டு வந்தான். நிலம் பிள்ளைகளுக்குச் சேரும் என்பதை அவன் மறந்திருக்க மாட்டான் என்பது நம் கருத்து. வழக்கு லார்டு சான்சலர் எல்டன் முன் வந்தது. எல்டன் பழமையின் காவலர். தந்தையின் உரிமையில் எளிதில் கைவைக்கும் ஆளல்லர். ஆயினும் அவரே 1827-ல் பிள்ளைகளைத் தந்தையிடம் தர மறுத்தார். பிறன் மனைவியோடு வாழ்பவன், பெற்ற மகன்களுக்கே வசைமொழி பழக்கியவன் என்பது மன்றத்தில் வெளிப்பட்டது. 1828-ல் பிரபுக்கள் சபையும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆங்கிலச் சட்ட வரலாற்றில் இது பெரிய தீர்ப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மன்றம் தாயின் உரிமையை ஏற்கவில்லை. மன்றத்துக்கே உரிய காக்கும் அதிகாரத்தின் பேரில்தான் பிள்ளைகள் காக்கப்பட்டனர். அவ்வளவு பெருஞ்செல்வக் குடும்பம், வெலிங்டனே அக்கறை காட்டிய குடும்பம் என்பதால் வழக்கு மன்றம்வரை வந்தது. இலண்டன் சந்துகளில் வாழ்ந்த தையற்காரியின் பிள்ளைக்கு எந்தச் சான்சலர் வந்தார்?

1831-ல் அவன் மகள் விக்டோரியாவைக் காப்பாளர் வீட்டிலிருந்து கொண்டுபோனான். நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்றான். அன்று அவன் மீண்டும் பாராளுமன்ற உறுப்பினன், சலுகை கேட்டான், பலிக்கவில்லை. ஹெலனாவை மணந்தான், அவளையும் கைவிட்டான். 1845-ல் மார்னிங்டன் பிரபுப் பட்டம் வந்தது. அதைக் கொண்டு கடன் அடைக்க முடியவில்லை. 1857 ஜூலையில் இலண்டனில் வாடகை அறையில் இறந்தான். அடுத்த மாதம் மணவிலக்குச் சட்டம் நிறைவேறியது.

மகள் விக்டோரியா 1897 வரை வாழ்ந்தாள். திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஹேயர் அம்மையாரின் நாயகிகள் இப்படித் தோற்பதில்லை. கதைக்கு அது வேண்டியதுதான். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கதையில் இருவரும் பந்தயம் கட்டுவதாகக் காட்டுவது மட்டும் நமக்கு உடன்பாடில்லை. வில்லியம் எதைப் பணயம் வைத்தான்? அவனிடம் இருந்தது கடன். அது தோற்றாலும் குறையாது.

சட்டம் மெல்ல நகர்ந்தது. கணவனால் மக்களைப் பிரிந்த கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் இடையறாது போராடி எழுதியதன் விளைவாக 1839-ல் ஒரு சட்டம் வந்தது: ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தருமாறு தாய் மன்றத்தைக் கேட்கலாம், அவள் நடத்தையில் குற்றம் இருக்கக் கூடாது. அப்போது நாட்டை ஆண்டவள் ஒரு பெண். 1870-ல் மனைவி ஈட்டிய கூலி மனைவிக்கே என்றார்கள். 1882-ல்தான் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் முழுமையாக வந்தது.

அதே 1882-ல் இலண்டன் மாநகராட்சி, வான்ஸ்டெட் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மாளிகை நின்ற இடம் பிறகு கோல்ஃப் ஆடுகளமாயிற்று. புல்வெளியின் நடுவே ஆழ்ந்த பள்ளம் ஒன்று இருக்கிறது. காதரினின் வீடு அங்கேதான் இருந்தது.