ஆபாசம் என்னும் போலி

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் கீழ்த்தளத்து அறைச் சுவரோவியத்தில் கண்ணன் கோபியரோடு கூடிக் களிக்கிறான். விலங்குகளும் பறவைகளும் அங்கே சோடி சேர்ந்திருக்கின்றன. விலங்குகளின் காதலைச் சிருங்கார ரசமென்று வடமொழி அணிநூலார் பலர் ஒப்புவதில்லை, 'ரசாபாசம்' என்பார்கள். ரசம் போலத் தோன்றுவது, அவ்வளவுதான்.

'ஆபாசம்' என்ற சொல்லின் பழம்பொருள் இதுவே: போலித் தோற்றம். தருக்க நூலார் 'ஹேத்வாபாசம்' என்பதை மணிமேகலை 'ஏதுப்போலி' என்கிறது. காரணம்போல் தோன்றும், காரணமாகாது. போலியைக் குறித்த சொல் பிற்காலத்தில் அசிங்கத்தைக் குறித்தது. மலையாளம் இன்னும் ஒருபடி போய், செய்கிறவனையே 'ஆபாசன்' ஆக்கிவிட்டது. கொச்சித் தெருவில் அது கடுமையான வசை.

அந்த வசையை வாங்கக்கூடாதவர்கள் சிலர் உண்டு. 1885-இல் பாரிஸ் மருத்துவர் ஜில் த லா டூரெட், உடல் வெட்டிவெட்டி இழுக்கும் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். தம்மை மீறிக் கெட்ட வார்த்தை வெடிப்பதைக் 'கொப்ரோலாலியா' என்றார். கொப்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் மலம். அதே அச்சில் வார்த்ததே 'கொப்ரோகிராஃபியா': கை தானாகக் கெட்ட சொல்லை எழுதுவது, அசிங்கமாக வரைவது. அவர் பெயரால் வழங்கும் டூரெட் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே வாய் அப்படிப் பேசும். கை அப்படி எழுதுவது அதைவிட அரிது.

மூளையின் ஆழத்தில், வேண்டாத அசைவை அடக்கும் நரம்புச் சுற்று தளர்வதால் வருவது இது. தும்மலுக்கு முன் மூக்கில் ஏறும் அரிப்பைப்போல் ஓர் உந்துதல் முதலில் வரும். சிறிது நேரம் அடக்கலாம். அடக்க அடக்க வலுக்கும். எந்தச் சொல்லை எழுதக்கூடாது என்று இந்நோயுள்ள பள்ளிப் பிள்ளை அஞ்சுகிறதோ, பெரும்பாலும் அதுவே வந்து விழும்.

கேரளத்துக் கொடுங்கல்லூர் பரணித் திருவிழாவில் கெட்ட வார்த்தைப் பாட்டுப் பாடுகிறவர் விரும்பிப் பாடுகிறார். அரண்மனை ஓவியன் விரும்பி வரைந்தான். இந்தப் பிள்ளையின் நோட்டில் இருப்பதில் விருப்பமே இல்லை. பழம்பொருளில் ஆபாசம் என்றால் இதுதான் ஆபாசம்; ஆபாசம்போல் தோன்றுவது மட்டுமே.

ஆசிரியர்களே, அந்த நோட்டைக் கிழித்து வகுப்பில் காட்டாதீர்கள். கண் சிமிட்டலும் தோள் குலுக்கலும் கூடவே இருந்தால், பெற்றோரிடம் தனியே சொல்லி மனநல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அனுப்புங்கள். பழக்கமாற்றுப் பயிற்சியும் மருந்தும் உண்டு.