குடிமராமத்தில் குடிக்கு என்ன பங்கு?

ஊர்க் குடிகளே கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து ஏன் மறைந்தது என்று கேட்டால், ஊர் ஒற்றுமை குலைந்துவிட்டது, மக்கள் சோம்பிப்போனார்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. பழைய ஆவணங்களைப் படித்தால் வரிசை வேறாகத் தெரிகிறது: முதலில் ஏரியின் வருமானம் ஊரைவிட்டுப் போனது, பிறகுதான் உழைப்பு நின்றது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கிறது. ஏரிப்பட்டி என்று ஒதுக்கிய நிலத்தின் விளைச்சல் ஏரிக்கே சேர்ந்ததைப் பல ஊர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. தூர் வாரவும் கரையை உயர்த்தவும் ஆள் கூப்பிட்ட சபையின் கையில் அதற்கான முதலும் இருந்தது.

மேல் ஏரியின் கலங்கல் வழிந்து கீழ் ஏரியை நிரப்பும் சங்கிலி அமைப்பு நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கரை உடைந்தால் கீழே உள்ள கரைகளும் வரிசையாக ஆபத்துக்குள்ளாகும். கோடையில் செய்த கரை வேலைதான் அடைமழைக்கான காப்பு. ஆங்கிலேயரின் ரயத்துவாரி முறை 1820க்குப் பிறகு மதராஸ் மாகாணமெங்கும் பரவியபோது, ஒவ்வொரு பட்டாதாரரும் சர்க்காரோடு தனித்தனியே கணக்குத் தீர்க்கலானார். மானிய நிலங்கள் பலவற்றுக்கும் வரி விழுந்தது. தீர்வை கஜானாவுக்குப் போக, மண்வெட்டி மட்டும் ஊரிடம் மிஞ்சியது. கரைகள் பழுதாகத் தொடங்கியதும் சர்க்கார் கொண்டுவந்தது 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம். அதன்படி உடைப்பை அடைக்க ஆட்களை அழைக்கலாம். வழக்கமான வேலைக்கு வராதவரிடம் கூலியின் இருமடங்கை வசூலிக்கலாம். வழக்கத்துக்குச் சட்டத்தின் பிரம்பு தேவைப்பட்டதே அதன் உயிர் போய்விட்டது என்பதற்குச் சாட்சி.

சோழர் காலத்தை இப்படிப் புகழ்வது பொய் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் பெரும்பகுதி நியாயமானதே. உத்தரமேரூர் பிராமணர்களின் சபை. வாரியத்தில் இடம்பெற வரி செலுத்தும் நிலம் வேண்டும். வாரியத்தில் அமர்ந்தவர் சேற்றில் இறங்கியிருப்பார் என்று யாரும் நம்பமாட்டார்கள். 1858 சட்டமும் ‘உழைக்கும் வகுப்பினரை’த்தான் அழைத்தது. தீர்மானித்தவரும் மண் சுமந்தவரும் ஒருவரல்லர். ஆனால் இது பழைய சாதி அடுக்கைக் கைவிடச் சொல்லும் வாதமே தவிர, ஏரிக்குத் தனி வருமானம் கூடாது என்பதற்கான வாதமாகாது. நிலமற்றவருக்கும் வாக்குள்ள கிராமசபை இன்று இருக்கிறது. சோழர் காலத்தில் இல்லாத வசதி அது.

அரசுத் துறையே எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்பது இன்னொரு மறுப்பு. அணை, பெரிய மதகு என்றால் சரி. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரிகளிலும் மடைக் கசிவை அது உடைப்பாக மாறுவதற்குள் கவனிக்க எந்தத் துறையிடமும் ஆள் கிடையாது. 2017இல் அரசு குடிமராமத்தை 100 கோடி ரூபாயில், 1,519 பணிகளோடு மீண்டும் தொடங்கியது. பாசன விவசாயிகள் பத்து சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. பெயர் திரும்பியது, பங்களிப்பும் திரும்பியது, ஏரிப்பட்டி திரும்பவில்லை. மீன் ஏலத்திலும் கரைமர ஏலத்திலும் வரும் பணத்தில் ஒரு பங்கை அந்தந்த ஏரிக்கென்றே எழுதிவைத்து, செலவைக் கிராமசபையின் தணிக்கைக்கு அரசு விட வேண்டும். அதைச் செய்யாதவரை குடிமராமத்து என்பது குடிகளிடம் பத்து சதவீதம் வசூலிக்கும் ஒப்பந்த வேலைதான்.