கல்லிலிருந்து மதிப்பெண் வரை: உடல்வலிமை அளக்கப்பட்ட வரலாறு

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டுக்கு வெளியே சில மாதங்களாகப் படித்துவந்த ஒரு பொருளை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

2018-இல் அமெரிக்காவில் டோனல் என்னும் வீட்டு உடற்பயிற்சி இயந்திரம் விற்பனைக்கு வந்தது. சுவரில் மாட்டப்படும் அதில் இரும்புத் தட்டுகள் கிடையா. மின்காந்த மோட்டார் ஒன்று கம்பிவடத்தை எதிர்த்து இழுக்கிறது. இரு கைகளுக்கும் சேர்த்து 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 90 கிலோ வரை. முதல் நாளில் சில அசைவுகளைச் செய்யச் சொல்லி, பயனர் எவ்வளவு எடையில் தொடங்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறது. பின்னர் ஒவ்வோர் இழுப்பையும் பதிந்துகொண்டு 'வலிமை மதிப்பெண்' என்றோர் எண்ணைத் தருகிறது. அந்த எண் எதைக் குறிக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடினால் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

கருவிகள் தோன்றுமுன் வலிமைக்குச் சான்று கல்தான். கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் கிடைத்த, கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மணற்கல் ஒன்று 143.5 கிலோ எடையுள்ளது. பைபோன் என்பவன் அதனை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கினான் என்று அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. நம் ஊர்களின் இளவட்டக்கல்லும் இத்தகையதே. அதை ஒருவன் தூக்கினான் அல்லது தூக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே மதிப்பெண் இல்லை. தூக்கியதற்குச் சாட்சி ஊர். காசியின் அகாடாக்களிலோ வேறொரு வழக்கம்: அங்கே தண்டால், பஸ்கி ஆகியவற்றின் எண்ணிக்கையே மல்லனின் தகுதியைச் சொல்லும், நாகபஞ்சமியன்று ஜோடி எனப்படும் இணைக் கர்லாக்களைச் சுழற்றும் போட்டியிலும் எண்ணிக்கைக்கே மதிப்பு. எடையும் எண்ணிக்கையும் தனித்தனி அளவைகளாகவே இருந்தன. அவற்றை ஒரே எண்ணுக்குள் அடக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. (மொழியியல் மாணவனுக்கு உரிய ஓர் இடைச்செருகல்: திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி எனப் பிரித்தே எண்ணுகிறது. 'வலி' என்னும் சொல் நோவையும் குறிக்கும் என்பதை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.)

வலிமையை எண்ணாக்கும் முயற்சி 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. லண்டன் கடிகார வினைஞர் ஜார்ஜ் கிரகாம் உருவாக்கி, தெசாகுலியே செம்மைப்படுத்திய கருவி பெரிய மரச்சட்டம் கொண்டது. எளிதில் எடுத்துச்செல்ல இயலாதது. எடுத்துச்செல்லக் கூடிய கருவியைச் செய்தவர் பிரெஞ்சுக் கைவினைஞர் எத்மே ரெனியே. இயற்கை அறிஞர் பூஃபோன் போன்றோரின் வேண்டுகோளால் பிறந்த அக்கருவியின் விளக்கம் 1798-இல் வெளியாயிற்று. நீள்வட்ட வடிவ எஃகு வில் ஒன்று. கைகளால் அழுத்தினாலோ இருபுறமும் பற்றி இழுத்தாலோ அது நெளியும். நெளிவை ஒரு முள் காட்டும். ஆற்றல், அளவை என்னும் பொருளுள்ள இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு டைனமோமீட்டர் என்று பெயரிட்டார்கள். எல்லா வகை வலிமைக்கும் பொதுவான ஒரு பொருள் உண்டு, அதை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. கருவி அளந்தது என்னவோ ஒரு வில்லின் நெளிவை மட்டுமே.

அந்த வில் உடனே கப்பலேறியது. 1800-இல் புறப்பட்ட பொதேனின் ஆஸ்திரேலியக் கடற்பயணத்தில் பிரான்சுவா பெரோன் என்ற இளம் இயற்கை ஆய்வாளர் ரெனியேயின் கருவியை உடன் கொண்டுபோனார். நாகரிகம் மனிதனைப் பலவீனனாக்குகிறது, காட்டில் வாழ்பவனே வலியவன் என்ற கருத்து அக்காலப் பிரான்சில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதைச் சோதிப்பதே அவர் நோக்கம். டாஸ்மேனியா, ஆஸ்திரேலியப் பெருநிலம், தீமோர் ஆகிய இடங்களின் மக்களையும், உடன்வந்த பிரெஞ்சுக்காரர்களையும், சிட்னியிலிருந்த ஆங்கிலேயரையும் கருவியை அழுத்தச் செய்தார். 1807-இல் வெளியான பயணநூலில் அவர் தந்த கைவலிமைச் சராசரிகள் ஏறத்தாழ இவை: டாஸ்மேனியர் 50 கிலோ, ஆஸ்திரேலியர் 51, தீமோர் மக்கள் 58, பிரெஞ்சுக்காரர் 69, ஆங்கிலேயர் 71. நாகரிகம் கூடக் கூட வலிமையும் கூடுகிறது என்ற முடிவு அந்த வரிசையிலிருந்தே எழுந்தது. பின்வந்த நூல்கள் பலவும் அதை அப்படியே எடுத்தாண்டன.

இந்த அட்டவணை கணக்கியல் பாடம் மட்டுமன்று என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் அளக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். ஒரு கப்பலில் வந்தவர்களையும் ஒரு கடற்கரையில் எதிர்ப்பட்டவர்களையும் கொண்டு 'மக்களினம்' என்ற சராசரி செய்யப்பட்டது. அதைவிடப் பெரிய குறை மொழியில் இருக்கிறது. டைனமோமீட்டர் தானாக எதையும் அளப்பதில்லை. 'உன் முழு வலிமையோடு அழுத்து' என்ற ஏவலை ஒருவர் புரிந்துகொண்டு, அதற்கு இணங்கவும் விரும்பினால்தான் முள் உண்மையைக் காட்டும். பெரோனுக்கும் டாஸ்மேனியருக்கும் பொதுமொழி இல்லை. அந்நியன் நீட்டிய இரும்பை ஏன் அழுத்த வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைச் சைகையால் எவ்வளவு உணர்த்த முடியும்? முழு முயற்சி என்பதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆங்கிலேயர் அந்த விளையாட்டின் விதியை அறிந்து விளையாடினார்கள். அட்டவணையோ இருவரையும் ஒரே பத்தியில் நிறுத்தியது. புள்ளியியல் அறிஞர் கெத்லே பின்னாளில் இக்கருவியைப் பயன்படுத்தியபோது, கையின் அளவும் பிடிகளுக்கு இடையிலான தொலைவும் முடிவைப் பாதிப்பதைச் சுட்டினார். அதற்குள் பெரோனின் வரிசை நூல்களில் ஊன்றிவிட்டது.

1884-இல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் ஓர் 'உடலளவை ஆய்வகம்' திறந்தார். மூன்று பென்னி கொடுத்தால் உயரம், எடை, மூச்சு, பார்வை, இழுவை, பிடி, குத்தின் வேகம் எல்லாம் அளக்கப்படும். முடிவுகள் எழுதிய அட்டையை வந்தவர் கொண்டுபோகலாம். அதன் படி ஆய்வகத்திலேயே இருக்கும். இவ்வாறு 9,337 பேர் தம்மை அளந்துகொண்டார்கள். காசும் கொடுத்துத் தரவையும் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் கைபேசிச் செயலிகளோடு பிறந்தது என்று நினைப்பவர்கள் இந்த அட்டையை நினைவில் கொள்ளலாம். கால்டன் இன்னொன்றையும் பதிவு செய்திருக்கிறார்: குத்தின் வேகத்தை அளக்கும் கோலை நேராகக் குத்தத் தெரியாமல் பக்கவாட்டில் குத்திக் கோலை உடைத்தவர்களும் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டவர்களும் பலர். வலிமையை அளக்கும்போது கருவியோடு கொண்ட பழக்கமும் சேர்ந்தே அளக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அளவெடுத்து மனிதரைத் தரம்பிரிக்கும் இதே ஆர்வம்தான் 1890-களில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனையும் மூக்கும் தலையும் அளக்க ஊர் ஊராக அனுப்பியது.

இன்றைய வீட்டு இயந்திரத்தின் நேர் மூதாதை, என் கணிப்பில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1879-இல் அங்கே உடற்பயிற்சிக் கூடப் பொறுப்பேற்ற மருத்துவர் டட்லி சார்ஜன்ட், மாணவரை முதலில் அளந்து, குறைகளைக் கண்டு, அவரவர்க்கெனத் தனிப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். சுவரோரம் நின்ற கப்பி இயந்திரங்களின் எடையை ஒவ்வொருவருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கால், முதுகு, பிடி ஆகியவற்றின் அளவுகளை எல்லாம் கூட்டி ஒரே 'மொத்த வலிமை' எண்ணாக்கியவரும் அவரே. அந்த எண்ணைக் கொண்டு கல்லூரிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. முதுகின் கிலோவையும் விரல்களின் கிலோவையும் கூட்டினால் கிடைப்பது எதன் அளவு என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. ஆனால் போட்டி நடத்த அது வசதியானது.

இந்த வரலாற்றில் ஒருவரை ஒருவரோடு ஒப்பிடாமல், ஒருவரை அவரது நேற்றோடு ஒப்பிட்ட திருப்பம் இரண்டாம் உலகப்போரின் இறுதியில் வந்தது. சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முழங்கால் காயத்தோடு கிடந்த வீரர்களுக்கு இலேசான பயிற்சியே தரப்பட்டுவந்தது. இளமையில் தாமே எடை தூக்கி உடலைத் தேற்றிக்கொண்ட மருத்துவர் தாமஸ் டிலோர்ம், இரும்புக் காலணியில் எடையைப் பூட்டி அவர்களைக் கனமாகத் தூக்க வைத்தார். 1945-இல் அவரது கட்டுரை வெளிவந்தது. அவர் தந்த அளவை மிக எளியது: ஒருவர் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்கக் கூடிய எடை எதுவோ அதுவே அவருடைய பத்துமுறை உச்சம். வாரந்தோறும் அதைக் கண்டறிந்து எடையை உயர்த்தினார்கள். ஒப்பீட்டுக்கு வேற்றினச் சராசரி வேண்டியிருக்கவில்லை. நோயாளியின் நலமான மறுகாலே போதும். 1948 வாக்கில் வாட்கின்சும் அவரும் முறையைச் சுருக்கினார்கள்: பத்துமுறை உச்சத்தின் பாதியில் பத்து, முக்காலில் பத்து, முழுமையில் பத்து. உலகெங்கும் பயிற்சிக் குறிப்பேடுகளில் 'செட்' என்று எழுதப்படுவது பெரிதும் இந்த மருத்துவமனையின் வழக்கம்தான்.

டிலோர்முக்குப் பின் அளவை மீண்டும் சூத்திரமானது. பலமுறை தூக்கியதிலிருந்து ஒருமுறை உச்சத்தை மதிப்பிட 1985-இல் எப்லியும் 1993-இல் பிரிசிக்கியும் தந்த வாய்பாடுகள் இன்றும் செயலிகளில் உள்ளன. எப்லியில் எடையை (1 + முறை ÷ 30) ஆல் பெருக்க வேண்டும். பிரிசிக்கியில் எடை × 36 ÷ (37 − முறை). 60 கிலோவைப் பத்து முறை தூக்கியவருக்கு இரண்டும் 80 கிலோ என்றே சொல்லும். ஐந்து முறை தூக்கினால் ஒன்று 70 என்கிறது, மற்றது 67.5 என்கிறது. இருபது முறை என்றால் எப்லி 100, பிரிசிக்கி 127. பத்து முறைக்கு மேல் இவற்றை நம்பலாகாது என்பதைப் பயிற்றுநர்கள் அறிவார்கள். திரையில் அந்த எச்சரிக்கை அரிதாகவே தென்படும். செயலியை மாற்றியவர் ஒரே இரவில் வலியவராகிவிடவும் கூடும்.

மோட்டார் இயந்திரங்களால் உண்மையில் புதிதாகச் சேர்ந்தது வேகம். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைந்த விசையையே தர இயலும் என்பதை 1938-இல் ஏ.வி. ஹில் சமன்பாடாக எழுதினார். 2010-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கொன்சாலெஸ்-பதில்யோவும் சான்செஸ்-மெதினாவும் கிடந்தவாறு எடை தள்ளும் பயிற்சியில், உச்ச எடைக்கு எத்தனை விழுக்காடு என்பதை எடை நகரும் வேகத்திலிருந்தே ஊகிக்கலாம் என்று காட்டினார்கள். ஒருமுறை உச்சத்தில் அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.16 மீட்டர். கம்பிவடத்தின் நீளத்தையும் இழுவிசையையும் இடைவிடாது அறியும் இயந்திரத்துக்கு இக்கணக்கு எளிது. களைத்துத் தளரும்வரை தூக்காமலே உச்சத்தை மதிப்பிடலாம். இது மெய்யான முன்னேற்றம் என்றே கருதுகிறேன். ஆயினும் கம்பிவடத்தில் அளந்த 40 கிலோவும், தடுமாறும் இரும்புத் தண்டை நிலைநிறுத்தித் தூக்கிய 40 கிலோவும் ஒன்றாகா.

இதற்கிடையே ரெனியேயின் வில், நீரழுத்தத்தால் இயங்கும் ஜமார் என்னும் புதிய வடிவில், மருத்துவத்துக்குத் திரும்பிவிட்டது. கெத்லே சொன்ன குறைக்கு விடையாக அதில் பிடியை ஐந்து நிலைகளில் மாற்றலாம். 2015-இல் வெளியான, இந்தியா உட்பட 17 நாடுகளின் ஏறத்தாழ 1,40,000 பேரை உள்ளடக்கிய ஆய்வு, பிடிவலிமை 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. தசைத்தேய்வை அறிய ஐரோப்பிய வல்லுநர் குழு ஆண்களுக்கு 27 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ என்று எல்லை வகுத்தது. 2019-இல் ஆசியக் குழு வகுத்த எல்லைகளோ 28-உம் 18-உம். 17 கிலோ பிடிக்கும் மூதாட்டி ஒருவர் ஒரு பட்டியலில் நலமானவர், மற்றதில் சோதிக்கப்பட வேண்டியவர். இந்தியர் தெற்காசிய அளவுகளோடு ஒப்பிடப்பட வேண்டுமா, உலக அளவுகளோடா என்பது மருத்துவ இதழ்களில் இன்னும் தீராத விவாதம். வீட்டு இயந்திரம் தரும் மதிப்பெண் யாரோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்டது என்பதோ பெட்டியோடு வரும் கையேட்டில் இருப்பதில்லை.